எக்ஸாஸ்ட் மாற்றியதும் செக் இன்ஜின் லைட் எரிகிறதா? சென்சாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சுருக்கம் இது: நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். கம்பெனி மேனிஃபோல்டைக் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் பாகம்) கழற்றிவிட்டு ஹெடர் (சிலிண்டருக்கு ஒரு குழாயாக வந்து பின்னால் ஒன்றாகச் சேரும் பாகம்), அதன் பின்னால் ஹை ஃப்ளோ கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம், சுருக்கமாக கேட்), கடைசிவரை புது பைப், புது மஃப்ளர் என்று முழு செட்டும் போட்டாயிற்று. சில நாள் நன்றாக ஓடியது, அப்புறம் செக் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் அழித்தால் போகிறது, மறுபடி வருகிறது. ஒருவர் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் ஸ்பேசர் (சென்சாரைக் குழாயிலிருந்து சற்று வெளியே தள்ளி நிறுத்தும் துண்டு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்வது?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எக்ஸாஸ்ட் வேலைக்குப் பிறகு வரும் லைட்டுக்கு முக்கால்வாசி நேரம் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: எங்கோ ஒரு இணைப்பில் காற்று ஒழுகும், இல்லையென்றால் சென்சார் வயரில் ஏதோ நடந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் புது கேட் பழைய கேட் அளவுக்கு வேலை செய்யாது. சென்சார் தானாகப் போவதும் உண்டு. ஆனால் நேற்றுவரை சரியாக இருந்த சென்சார், பைப் மாற்றிய அதே வாரத்தில் தற்செயலாகப் போயிற்று என்றால், அதை நம்புவதற்கு முன்னால் மற்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. லைட் நிலையாக எரிந்தால் அவசரம் இல்லை, நிதானமாகக் காரணம் தேடலாம். விட்டு விட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் அங்கே எரியும், கேட் உருகிவிடும். அப்படி மின்னினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஹெடர் போட்ட வண்டிகளில் பிளக் வயரோ காயில் வயரோ சூடான குழாயில் பட்டு உருகி மிஸ்ஃபயர் வருவது உண்டு. அதனால் பி0300, பி0301 மாதிரி கோடு (ஸ்கேனர் காட்டும் பிழை எண்) வந்திருந்தால் எக்ஸாஸ்ட்டை விட்டுவிட்டு முதலில் அந்த வயர்களைப் பாருங்கள்.

அடுத்தது, கோடை அழிப்பதை நிறுத்துங்கள். லைட் எரிந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒரு பதிவாக வைத்துக்கொள்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, இன்ஜின் மேல் இருந்த சுமை, ஃப்யூல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியது அல்லது குறைத்தது என்ற கணக்கு) எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஐட்லிங்கில் நிற்கும்போது வந்த கோடும் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது வந்த கோடும் வேறு வேறு இடத்தைக் காட்டும். ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துக் கோடாகச் சொல்லும் ஓபிடி 2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. அதன் புண்ணியத்தில் பி0 என்று தொடங்கும் கோடுகளுக்கு எந்தக் கம்பெனி காரிலும் ஒரே அர்த்தம். பி1 என்று தொடங்குவது அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு, அதற்கு அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் வேண்டும்.

கோடு எண்ணை வைத்துத் தேடத் தொடங்குவதற்கு முன், இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரும் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கேட்டுக்கு முன்னால் இருப்பது, பெட்ரோல் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை முடிவு செய்ய ஈசியுவுக்கு உதவும் சென்சார். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதுதான் இலக்கு. சென்சார் காற்று அதிகம் என்றால் ஈசியு பெட்ரோலைக் கூட்டும், பெட்ரோல் அதிகம் என்றால் குறைக்கும். பழைய வகை சென்சாரில் இந்த இழுபறி 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே இடைவிடாமல் ஏறி இறங்குவதாகத் தெரியும். கேட்டுக்குப் பின்னால் இருப்பதோ முக்கியமாக ஒரு கண்காணிப்பாளர். கேட்டின் உள்பூச்சில் உள்ள சீரியம் ஆக்ஸைடு, அதிகமாக வரும் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்து, குறையும்போது வெளியே விடுகிறது. ஏரிக்கு வரும் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மதகில் சீராகப் போவது மாதிரி, முன்னால் உள்ள ஆட்டம் பின்னால் தெரியாது. அதனால் நல்ல கேட் இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் அசையாமல் நிற்கும். அதுவும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால் கேட் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கவில்லை என்று ஈசியு முடிவு செய்து பி0420 போடும். வி வடிவ இன்ஜினில் மறுபக்கத்துக்கு பி0430.

இப்போது நீங்கள் மாற்றிய பாகம் இந்த இரண்டு சென்சாருக்கும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கேட் பேக் மட்டும் போட்டவர்களுக்கு, அதாவது பின் சென்சாருக்கும் அப்பால் உள்ள பைப்பும் மஃப்ளரும் மட்டும் மாற்றியவர்களுக்கு, லைட் எரியவே காரணம் இல்லை. எரிந்தால் வேலை செய்யும்போது ஏதோ வயரை இழுத்திருக்கிறார்கள், அல்லது பின் சென்சாருக்கு ரொம்பப் பக்கத்தில் இணைப்பு ஒழுகுகிறது, அல்லது ஏற்கனவே சாகக் கிடந்த கேட் இப்போது மாட்டிக்கொண்டது. உங்களுடையது ஹெடரிலிருந்து தொடங்குகிறது. எனவே இரண்டு சென்சாரும் கழற்றி மாட்டப்பட்டிருக்கின்றன, கேட்டும் மாறியிருக்கிறது. எல்லாச் சாத்தியமும் திறந்தே இருக்கிறது.

நான் எப்போதும் ஒழுகலில் இருந்துதான் தொடங்குவேன். செலவு இல்லாதது, அடிக்கடி இருப்பது, மற்ற எல்லா அளவையும் பொய்யாக்குவது.

ஒழுகினால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்பு கடந்ததும் அதன் பின்னால் ஒரு நொடி அழுத்தம் குறையும், அந்த நேரத்தில் சின்ன இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். முன் சென்சாருக்கு முன்னால் இப்படி நடந்தால், சென்சார் ஆக்ஸிஜன் அதிகம் என்று சொல்லும். ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். உண்மையில் இன்ஜினுக்குள் எரிவது சரியான கலவை, ஈசியு அதைக் கெடுக்கிறது. கூட்டிக் கூட்டி ஓர் எல்லைக்கு வந்ததும் பி0171, அதாவது கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்ற கோடு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பாகக் கரி பிடித்திருக்கும், மைலேஜும் குறைந்திருக்கும். கோடு லீன் என்கிறது, பிளக் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்கிறது. இந்த முரண்பாடு கண்ணில் பட்டால் எக்ஸாஸ்ட் ஒழுகல்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம், ஷார்ட் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் கூட்டல் பத்துக்கும் கழித்தல் பத்துக்கும் நடுவே (சதவீதத்தில்) இருந்தால் கவலை இல்லை. உதாரணத்துக்கு, ஐட்லிங்கில் கூட்டல் 18 காட்டுகிறது, ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தி 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 4க்கு இறங்குகிறது என்று வையுங்கள். அது ஒழுகலின் அடையாளம். ஓட்டம் குறைவாக இருக்கும்போது நுழையும் காற்றின் பங்கு பெரிது, ஓட்டம் கூடினால் அது கரைந்து போகிறது. இன்டேக் பக்கம் வேக்குவம் குழாய் கழன்றிருந்தாலும் இதே மாதிரிதான் காட்டும் என்பதால், ஹெடர் வேலையின்போது தொட்டிருக்கக்கூடிய வேக்குவம் ஹோஸ்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நேர்மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகம் கூடக்கூட ட்ரிம் ஏறினால் எக்ஸாஸ்ட்டை விடுங்கள். பெட்ரோல் பிரஷரோ ஏர்ஃப்ளோ சென்சாரோ பார்க்க வேண்டிய விஷயம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க நல்ல நேரம், ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் ஒரு நிமிடம். மேனிஃபோல்ட் பக்கம் 'டிக் டிக் டிக்' என்று டாப்பெட் சத்தம் மாதிரி கேட்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அதோடு சேர்ந்து வேகமாகும். உலோகம் சூடாகி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொண்டு சத்தம் நின்றுவிடும். சூடான வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், காரணம் இதுதான்.

காதுக்குக் கிடைக்கவில்லை என்றால் சோப்புத் தண்ணீர். இன்ஜின் அணைந்து, முழுக்க ஆறியிருக்க வேண்டும். காற்றை ஊதும் வசதி உள்ள வேக்குவம் க்ளீனரின் குழாயை டெயில் பைப்பில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிடுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள்: ஹெடர் இன்ஜினோடு சேரும் இடம், நாலு குழாயும் ஒன்றாகும் கலெக்டர், ஃப்ளேஞ்ச், க்ளாம்ப், சென்சார் முறுக்கி ஏறும் மரை வளையத்தைச் சுற்றியுள்ள வெல்டிங். குமிழி எங்கே வளர்கிறதோ அங்கே ஒழுகுகிறது. அந்த வளையத்தின் வெல்டிங்கில் ஊசித்துளை இருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும், சும்மா பார்த்தால் தெரியவே தெரியாது. கொஞ்ச நாள் ஓடிய வண்டி என்றால் ஃப்ளேஞ்ச் ஓரத்தில் கறுப்பாகக் கரித்தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்கும் வேலையை மட்டும் திறந்த வெளியில் செய்யுங்கள். ஒழுகும் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

ஒழுகலுக்கு அடிக்கடி கிடைக்கும் காரணங்கள் சாதாரணமானவை. பழைய கேஸ்கெட் ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஓரத்திலிருந்து நட்டைப் பூட்டியிருப்பார்கள், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும். சில தடவை சூடாகி ஆறியபின் ஹெடர் போல்ட்கள் தளர்வது இயல்பு, ஆறிய நிலையில் மறுபடி சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) பூட்டியிருக்க வேண்டும், அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். சில நாள் கழித்து லைட் வந்தது என்று சொன்னீர்கள், அதற்கு இந்த மறுபூட்டு விட்டுப்போனதே போதும். ஒன்று மட்டும் கவனம்: இணைப்பை அடைக்கிறேன் என்று சாதாரண சிலிகான் பேஸ்ட்டைத் தடவ விடாதீர்கள். அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரின் முனையில் படிந்து அதைக் கெடுக்கும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் எழுதியிருந்தால் மட்டுமே எடுக்கலாம்.

கேட்டுக்கும் பின் சென்சாருக்கும் நடுவில் ஒழுகினால் கதை வேறு. அங்கே நுழையும் காற்று பின் சென்சாரின் வோல்ட்டேஜைக் கீழே இழுக்கும், பி0137 வரலாம், நல்ல கேட்டுக்கே பி0420 கூட வரலாம். பி0420 வந்ததும் கேட்டை வாங்க ஓடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் வயரிங். சென்சாரை கனெக்டரில் இருந்து கழற்றாமலேயே ஸ்பேனர் போட்டுத் திருகினால் வயர் முறுக்கிக்கொண்டு உள்ளுக்குள் அறுந்துவிடும், வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஹெடரில் சென்சாரின் இடம் மாறுவதால் வயர் எட்டாமல் இழுத்துக் கட்டியிருப்பார்கள், அல்லது தொங்கிக் குழாயில் பட்டு உருகியிருக்கும். கையால் தடவிக்கொண்டே முழு நீளத்துக்கும் போய்ப் பாருங்கள். பி0135, பி0141, பி0030, பி0036 என்பவை சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்பாதைக் கோடுகள். கேட்டுக்கும் கலவைக்கும் அவற்றோடு சம்பந்தமில்லை. இரண்டு சென்சாரின் ஹீட்டர் கோடும் ஒன்றாக வந்திருந்தால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள், வயர் உருகி பாடியில் பட்டு ஃப்யூஸ் போயிருக்கும். ஒன்றுக்கு மட்டும் வந்தால் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயருக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பெரும்பாலான சென்சார்களில் அந்த ஜோடிதான் ஹீட்டர். சில ஓமிலிருந்து இருபது ஓம் வரை ஏதாவது காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு வண்டிப் பக்க வயரில். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. அப்போதுதான் புது சென்சார் வாங்கலாம்.

வி6, வி8 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: இடது வலது சென்சார் கனெக்டர்கள் மாறிப் போயிருந்தால் ஒரு பக்க ட்ரிம் கூட்டலில் உச்சத்துக்கும் மறுபக்கம் கழித்தலில் அடிமட்டத்துக்கும் ஓடும். ஒரு பக்கம் லீன், மறுபக்கம் ரிச் என்று சேர்ந்து கோடு வந்தால் வேறெதையும் தொடாமல் கனெக்டரை மாற்றி மாட்டிப் பாருங்கள்.

ஹெடரில் சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். நாலு குழாயும் சேர்ந்தபின் இருந்தால்தான் அது நாலு சிலிண்டரையும் படிக்கும். ஒரே ஒரு குழாயில் போட்டிருந்தால் அந்த ஒரு சிலிண்டரின் நிலையை வைத்து மற்ற மூன்றுக்கும் பெட்ரோல் போகும். சென்சார் முனை கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும், அதன் வயர் பக்கம் படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது பத்து டிகிரி மேலே ஏறியிருக்க வேண்டும். குழாயின் அடிப்பக்கத்தில் போட்டிருந்தால் குளிர்ந்த நேரத்தில் தேங்கும் நீர் முனையில் பட்டு உள்ளிருக்கும் செராமிக் விரிசல் விடும்.

ஒழுகல் இல்லை, வயர் நன்றாக இருக்கிறது, இன்னும் பி0420 வருகிறது என்றால், சரி, இப்போது கேட்டைப் பற்றிப் பேசலாம். கம்பெனி கேட்டில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400, 600 என்று நுண்துளைகள் இருக்கும். ஹை ஃப்ளோ என்று விற்பவற்றில் 200, சிலதில் 100. துளை பெரிதானால் புகை சுலபமாகப் போகும், ஆனால் அது உரசிப் போகும் பரப்பு குறையும், பூச்சில் உள்ள விலையுயர்ந்த உலோகமும் பல தயாரிப்புகளில் குறைவு. கூடவே, ஹெடரின் நீளத்தால் கேட் இன்ஜினிலிருந்து தள்ளிப் போயிருக்கும். கேட் வேலை செய்யத் தொடங்கவே 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், தள்ளிப் போனால் அந்தச் சூடு தாமதமாகத்தான் வரும். ஈசியு எதிர்பார்ப்பதோ கம்பெனி கேட்டின் தரத்தை. புதிய கேட் பழுதே இல்லாமல் இருந்தும் அந்த அளவுகோலில் தோற்கிறது.

உறுதி செய்ய, காரைக் கால் மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிவிட்டு, 2500 ஆர்பிஎம்மில் சீராகப் பிடித்துக்கொண்டு இரண்டு சென்சாரின் கிராஃபையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பாருங்கள். பின்னது முன்னதைப் போலவே ஏறி இறங்கினால் கேட்தான். பல புதிய கார்களில் முன் சென்சார் வைட்பேண்ட் வகை, அது இப்படி 0.1, 0.9 என்று ஆடாது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம், பின்னதை மட்டும் கவனியுங்கள். ஸ்கேனரில் மோட் 06 இருந்தால் இன்னும் நல்லது. ஈசியு கேட்டைச் சோதித்தபோது கிடைத்த மதிப்பும், தாண்டக் கூடாத எல்லையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மயிரிழையில் தோற்றதா, படுதோல்வியா என்பது அதில் தெரிந்துவிடும்.

மயிரிழை என்றால் அந்த வண்டி மாடலுக்கென்றே சான்று பெற்ற, துளை எண்ணிக்கை கூடிய கேட் போட்டால் தீர வாய்ப்பு உண்டு. படுதோல்வி என்றால் கம்பெனி கேட்டைத் திரும்ப வைப்பதுதான் வழி. சாலையில் ஓட்டும் காருக்கு என் கருத்தைக் கேட்டால், டர்போ இல்லாத சிறிய இன்ஜினில் கேட்டை மாற்றிக் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு, அதற்கு இவ்வளவு தலைவலி தேவையில்லை. பழைய கேட்டை வைத்துக்கொண்டு கேட் பேக் மட்டும் போட்டாலே சத்தமும் தோற்றமும் வந்துவிடும்.

ஸ்பேசரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பின் சென்சாரைப் புகையோட்டத்திலிருந்து வெளியே இழுத்து, அதன் கண்ணை மங்கச் செய்கிறது. கேட் அப்படியேதான் இருக்கும், கோடு மட்டும் வராது. பல ஈசியுக்கள் பின் சென்சாரை வைத்து முன் சென்சாரின் சிறு பிழைகளையும் திருத்திக்கொள்கின்றன, அந்தத் திருத்தமும் கெடும். நாளைக்குக் கேட் உள்ளே நொறுங்கி எக்ஸாஸ்ட்டை அடைத்தாலும் சொல்ல ஆள் இருக்காது. ஈசியு மென்பொருளில் அந்தக் கோடையே நிறுத்திவிடுவதும் இதே வகை. மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்வது பல நாடுகளில் சட்டவிரோதம், சோதனையில் மாட்டினால் வண்டி நிற்கும். அதைவிட எனக்கு உறுத்துவது, கேட் சரியாக வேலை செய்யாத வண்டியின் பின்னால் நடந்து போகிறவர் சுவாசிக்கும் காற்று. நான் யாருக்கும் இதைச் செய்து தர மாட்டேன்.

டர்போ காரில் டவுன்பைப் மாற்றியவர்களுக்கு ஒரு வரி: பி0234 என்றால் தடை குறைந்து பூஸ்ட் எல்லை மீறுகிறது, அதற்கு ஈசியு ட்யூனிங் தேவை. பி0299 என்றால் பூஸ்ட் குறைவு, வேலையின்போது கழற்றிய ஹோஸ் க்ளாம்பைப் பாருங்கள். பைக்கில் எக்ஸாஸ்ட் வால்வை இயக்கும் சர்வோ மோட்டாரின் கேபிளைக் கழற்றிவிட்டு வேறு சைலன்சர் போட்டால் எஃப்ஐ லைட் எரிவதும் இந்தக் குடும்பம்தான்.

கோளாறைச் சரி செய்த பிறகு கோடை ஒருமுறை அழியுங்கள், இப்போது அழிப்பதில் தவறில்லை. உடனே லைட் எரியவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் பி0420 அடுத்தடுத்த இரண்டு ஓட்டச் சுழற்சியில் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைப்பது ஒரு சுழற்சி) தோற்றால்தான் லைட்டாக மாறும், முதல் தோல்வி பென்டிங் கோடாக மட்டும் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஒவ்வொரு முறை அழித்தபோதும் சில நாள் அமைதியாக இருந்ததற்கும் இதுவே காரணம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஊருக்குள் நின்று நின்று கொஞ்சம், வெளியே சீரான வேகத்தில் கொஞ்சம், ஆக்ஸிலேட்டரை விட்டுத் தானாக வேகம் குறையவிட்டுக் கொஞ்சம் என்று ஓட்டுங்கள். பிறகு ஸ்கேனரில் ரெடினெஸ் பக்கத்தைத் திறந்து, கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார், சென்சார் ஹீட்டர் மூன்றுக்கும் சோதனை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மூன்றும் முடிந்து பென்டிங்கில் எதுவும் இல்லையென்றால் வேலை முடிந்தது. பென்டிங்கில் பழைய கோடே உட்கார்ந்திருந்தால், லைட் எரியும்வரை காத்திருக்காமல் அதன் ஃப்ரீஸ் ஃப்ரேம், ஐட்லிங் ட்ரிம், 2500 ஆர்பிஎம் ட்ரிம், மோட் 06 மதிப்பு நாலையும் குறித்து அனுப்புங்கள், அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன்.